சூரியன் கருந்துளையானால் பூமி என்னவாகும்?

கருந்துளை என்றதும், கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கும் பூதம்தான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. நமது சூரியன் திடீரென்று கருந்துளையாகிவிட்டால் பூமியும் உள்ளே போய்விடுமா? இதற்குப் பதில் காண, முதலில் ஈர்ப்பு விசையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ரிங்லெட் ஏரித் தண்ணீர் மலையிறங்கி மின்சாரம் தருவதும், தேயிலைச் சரிவில் மேலே எறிந்த கல் கீழே விழுவதும் பூமியின் ஈர்ப்பால்தான். காற்றின் தடை இல்லாமல், விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்தால் அந்தக் கல் திரும்பி வராது. பூமி முழுவதையும் ஒரு கோலிக்குண்டு அளவுக்கு நசுக்கிவிட்டால்? விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளியால்கூட அதன் பிடியிலிருந்து தப்ப முடியாது. அதுதான் கருந்துளை.

ஆனால், நசுக்கியதால் பொருளின் அளவு கூடிவிடுவதில்லை. ஆகவே, 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள பூமியை, கருந்துளையான சூரியனும் முன்பு இழுத்த அளவுக்கே இழுக்கும். எட்டு நிமிடத்தில் இருள் சூழும், பிறகு கடுங்குளிர் வரும். எனினும் பூமி தன் பாதையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். கருந்துளையை மிகவும் நெருங்கினால்தான் ஆபத்து.

உண்மையில் சூரியன் கருந்துளையாக மாறவே மாறாது. இதற்கு அடிப்படையான கணக்கைப் போட்டவர் ஒரு தமிழ் இளைஞர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. பயணத்திலேயே அவர் கணக்கில் மூழ்கினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் ஈர்ப்பாலேயே சுருங்கும். எஞ்சிய பகுதி சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்குள் இருந்தால், வெண்குறுமீனாக நிலைத்துவிடும். மிஞ்சினால் சுருக்கம் அங்கே நிற்காது. மிகப் பெரியவையே கருந்துளைகளாகின்றன. சூரியன் இந்த வரம்புக்கு உட்பட்டது.

1935 ஜனவரியில் லண்டனில் சந்திரசேகர் இதை விளக்கினார். அப்போது புகழின் உச்சியில் இருந்த எடிங்டன், விண்மீன் இப்படி நடந்துகொள்ள இயற்கை விடாது என்று அதே அரங்கில் எள்ளி நகையாடினார். சந்திரசேகர் சண்டைக்குப் போகவில்லை, கணக்கையும் மாற்றவில்லை. 1983இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 2019இல் கருந்துளையின் நிழற்படமே வெளியானது.

வானத்தைக் காட்டிப் பிள்ளைகள் விசித்திரமாகக் கேள்வி கேட்டால், அதட்டி வாயை அடைக்காதீர்கள். பெரியவர்கள் சிரித்த கேள்விக்கும் சரியான விடை இருக்கலாம்.