8 கோடி டாலர் போனது, 2 கோடி தப்பியது: வங்கி ஊழியர்களுக்கான 'மணி லாண்டரிங்' பயிற்சியில் என்ன இருக்கிறது?

2016 பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. வங்கதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்த ஹேக்கர்கள், நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் அந்த நாடு வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் அனுப்பச் சொல்லி 35 உத்தரவுகளைத் தட்டிவிட்டார்கள். மொத்தத் தொகை சுமார் 95 கோடி டாலர். மறுநாள் வெள்ளி, வங்கதேசத்தில் வார விடுமுறை. நேரம் பார்த்துத்தான் அடித்திருக்கிறார்கள்.

ஹேக்கிங் கதை எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாதது அதற்குப் பிறகு இரண்டு நாடுகளில், இரண்டு வங்கிகளில் நடந்தது.

2 கோடி டாலர் இலங்கைக்கு வந்தது. கொழும்பில் பான் ஏசியா வங்கியில் கணக்கு வைத்திருந்த ஒரு தொண்டு அமைப்பின் பெயருக்கு. நம்ம நாட்டில் ஒரு தொண்டு அமைப்புக்கு இவ்வளவு பெரிய தொகையா என்று அங்கிருந்தவர்களுக்குச் சந்தேகம் வர, பணத்தை கணக்கில் வரவு வைக்காமல், அதை அனுப்பிய இடைநிலை வங்கியான டாய்ச்ச வங்கியிடம் விளக்கம் கேட்டார்கள். பார்த்தால், உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல்லே 'ஃபேண்டேஷன்' என்று தப்பாக அடிக்கப்பட்டிருந்தது. பணம் திரும்பிப் போய்விட்டது.

இன்னொரு 8 கோடியே 10 லட்சம் டாலர் மணிலாவுக்குப் போனது. ரிசால் கமர்ஷியல் பேங்கிங் கார்ப்பரேஷன் என்ற வங்கியின் ஜூபிடர் தெரு கிளையில் இருந்த நான்கு கணக்குகளுக்கு. அந்தக் கணக்குகள் 2015 மே மாதம் தலா 500 டாலரில் தொடங்கப்பட்டவை. அதன் பிறகு ஒன்பது மாதம் ஒரு அசைவும் இல்லை. கொடுத்த ஓட்டுநர் உரிமங்கள் போலி. நான்கு பேரும் வெவ்வேறு கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பதவியும் சம்பளமும் நான்கிலும் ஒரே மாதிரி! அத்தனையும் கிளையின் ஃபைலிலேயே இருந்தது. பணத்தை நிறுத்தச் சொல்லி வங்கதேசத்திலிருந்து செய்தி போன பிறகும் பெரும்பகுதி வெளியே எடுக்கப்பட்டு, பெசோவாக மாறி, கேசினோக்களுக்குள் போய்க் கரைந்தது. கிளை மேலாளரை, பணச்சலவைக் குற்றத்தில் 8 பிரிவுகளில் குற்றவாளி என்று 2019 ஜனவரியில் மகாட்டி நீதிமன்றம் அறிவித்தது.

ஆக, இரண்டு இடத்திலும் பணத்தைப் பிடிக்க வாய்ப்பு இருந்தது கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஊழியர்களிடம்தான். 'ஏ.எம்.எல்., சி.எஃப்.டி.' என்ற பெயரில் உலகம் முழுக்க வங்கி ஊழியர்களுக்குக் கட்டாயமாக நடத்தப்படும் பயிற்சி, அடிப்படையில் இவர்களுக்கானதுதான். முதல் எழுத்துக் கூட்டம் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத்தைத் தடுப்பது. இரண்டாவது, பயங்கரவாதத்துக்கு நிதி போவதைத் தடுப்பது.

இந்தியாவில் யார் சொல்கிறார்கள்?

பணச்சலவைத் தடுப்புச் சட்டம், அதாவது செய்திகளில் அடிக்கடி அடிபடும் பி.எம்.எல்.ஏ., 2002-ம் ஆண்டுச் சட்டம். அமலுக்கு வந்தது 2005 ஜூலை 1. அமலாக்கத்துறை ரெய்டு என்றால்தான் இந்தச் சட்டம் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் இதில் வங்கிகளுக்கான பாடம் தனியாக இருக்கிறது: வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்ய வேண்டும், ஆவணங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட பரிவர்த்தனைகளை டெல்லியில் உள்ள நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும்.

பயிற்சியைக் கட்டாயமாக்குவது ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. வழிகாட்டு உத்தரவு. ஒரு தடவை நடத்திவிட்டு முடித்துக்கொள்ள முடியாது, தொடர்ந்து நடக்க வேண்டும் என்கிறது. கவுன்டரில் இருப்பவர், கம்ப்ளையன்ஸ் பிரிவில் இருப்பவர், புது வாடிக்கையாளரைக் கையாள்பவர் என மூன்று தரப்புக்கும் பயிற்சி ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. இதற்கெல்லாம் அடிப்படை, பாரிஸில் இருந்து செயல்படும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பின் 40 பரிந்துரைகள். 1989-ல் போதைப்பொருள் பணத்தை மனதில் வைத்துத் தொடங்கிய அந்த அமைப்பு, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு பயங்கரவாத நிதியையும் சேர்த்துக்கொண்டது. இந்தியா 2010 முதல் உறுப்பினர்.

பாடம் எப்படி இருக்கும்?

முதல் நாள் சொல்லித் தருவது மூன்று கட்டங்கள். குற்றத்தில் வந்த பணத்தை எப்படியாவது வங்கிக்குள் நுழைப்பது. அதைப் பல கணக்குகள், பல நாடுகள் என்று சுற்றவிட்டு தடம் தெரியாமல் செய்வது. கடைசியில் வீடு, வியாபாரம் என்று 'வெள்ளையாக' வெளியே எடுப்பது. துணியை ஊறவைத்து, அலசி, காயப்போடுவது மாதிரிதான். பிடிக்க சுலபம் முதல் கட்டம். ஊறவைக்கும் இடம் பெரும்பாலும் ஏதோ ஒரு கிளையின் கவுன்டர்.

அடுத்து எண்கள். ஒரு மாதத்தில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் ரொக்கப் பரிவர்த்தனை நடந்தால் அது சி.டி.ஆர். என்ற ரிப்போர்ட்டாக மறுமாதம் 15-ம் தேதிக்குள் போக வேண்டும். சரி, 9 லட்சத்து 80 ஆயிரம் கட்டினால்? அல்லது அதையே ஐந்தாகப் பிரித்து ஐந்து பேர் கட்டினால்? தொடர்புள்ள சிறு தொகைகளைக் கூட்டிப் பார்த்து 10 லட்சம் தாண்டினாலும் ரிப்போர்ட் செய்ய வேண்டும் என்று விதி சொல்கிறது. எல்லைக்குக் கீழே நிற்கும் தொகை எல்லையைத் தாண்டிய தொகையைவிடச் சந்தேகத்துக்குரியது என்பது இந்தத் துறையில் பால பாடம்.

உண்மையான திறமை தேவைப்படுவது எஸ்.டி.ஆர். என்ற சந்தேகப் பரிவர்த்தனை ரிப்போர்ட்டில். இதற்கு எந்தத் தொகை வரம்பும் இல்லை. வழக்கத்துக்கு மாறான சிக்கல், பொருளாதாரக் காரணமே இல்லாத பரிமாற்றம், குற்றப் பணமோ என்ற நியாயமான சந்தேகம், இவை போதும். நடக்காமல் பாதியில் நின்றுபோன முயற்சியும் கணக்கு. ஆதாரம் தேவையில்லை, நிரூபிப்பது வங்கியின் வேலையும் இல்லை. நல்லெண்ணத்தில் ரிப்போர்ட் செய்த ஊழியர் மீது வழக்குப் போட முடியாதபடி சட்டம் பாதுகாப்பும் தருகிறது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு கிளை. இரண்டாயிரம், மூவாயிரம் மட்டுமே புழங்கிய ஒரு கல்லூரி மாணவரின் கணக்கில் ஒரே காலையில் நாலு வெவ்வேறு ஊர்களிலிருந்து 2 லட்சத்துக்கு மேல் வந்திருக்கிறது. மாணவர் பணம் எடுக்க நேரில் வருகிறார்.

"தம்பி, இந்தப் பணம் எதுக்கு வந்துச்சு?"

"ஃப்ரெண்டோட மாமா அனுப்பினாருங்க மேடம்."

"நாலு பேர் அனுப்பிருக்காங்களே, நாலு பேரும் மாமாவா?"

"தெரியலைங்க மேடம். எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க."

இந்த இடத்தில் அந்த அதிகாரி என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதுதான் பயிற்சி. மேலும் கேள்வி கேட்கலாம், கேட்க வேண்டும். பதில்களைக் குறித்துவைத்து வங்கியின் முதன்மை அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால், "உன் மேல ரிப்போர்ட் போடப்போறேன்" என்று சொல்லக் கூடாது. இதற்கு 'டிப்பிங் ஆஃப்' என்று பெயர், சட்டப்படி தடை. பழகிய வாடிக்கையாளர், சொந்த ஊர்க்காரர் என்று ஒரு வார்த்தை காதில் போட்டுவைப்பது நம்ம ஊர் வழக்கம். அந்த ஒரு வார்த்தையில் பின்னால் இருக்கும் கும்பல் மொத்தமாகக் காணாமல் போய்விடும், மாட்டுவது மாணவர் மட்டும்தான்.

இப்படிக் கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விடுவதற்கு 'மியூல் அக்கவுன்ட்' என்று பெயர். சைபர் மோசடிப் பணம் ஓடும் முக்கியமான வாய்க்கால் இது. இவற்றைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் உருவாக்கிய 'மியூல்ஹன்டர்' என்ற ஏ.ஐ. கருவி 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. மெஷின் கணக்கைக் காட்டிக்கொடுக்கும். "நாலு பேரும் மாமாவா?" என்று கேட்க இன்னும் ஆள்தான் வேண்டும்.

பயங்கரவாத நிதி: இது வேற மாதிரி

பணச்சலவையில் பணம் அழுக்கு, அதைச் சுத்தமாக்கப் பார்க்கிறார்கள். பயங்கரவாத நிதியில் பெரும்பாலும் தலைகீழ். சம்பளம், நன்கொடை, சின்ன வியாபாரம் என்று சுத்தமான பணமாகவே இருக்கலாம். போகும் இடம்தான் பிரச்சினை. தொகையும் சிறியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு மொத்தச் செலவு 4 லட்சம் முதல் 5 லட்சம் டாலர் என்று அமெரிக்க விசாரணை ஆணையம் கணக்கிட்டது. விமானங்களைக் கடத்தியவர்கள் அமெரிக்க வங்கிகளில் சொந்தப் பெயரிலேயே கணக்கு வைத்திருந்தார்கள். அவர்களின் வரவு செலவில் கண்ணை உறுத்தும்படி எதுவும் இல்லை.

அதனால் இங்கே முக்கிய ஆயுதம் பெயர்ப் பட்டியல். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் தடைப் பட்டியல்களில் இருக்கும் பெயர்களோடு வாடிக்கையாளர்களை ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொருந்தினால் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், பிரிவு 51ஏ-வின் கீழ் கணக்கை முடக்கும் நடைமுறை தொடங்கும்.

பட்டியலின் பலமும் பலவீனமும் வங்கதேசக் கொள்ளையிலேயே தெரிந்தது. 35 உத்தரவுகளில் 30-ஐ, அதாவது சுமார் 85 கோடி டாலரை, நியூயார்க் ஃபெட் நிறுத்திவைத்தது. காரணங்களில் ஒன்று 'ஜூபிடர்' என்ற சொல். மணிலா கிளை இருந்த தெருவின் பெயர் அது. ஈரான் மீதான அமெரிக்கத் தடைப் பட்டியலில் அதே பெயரில் ஒரு கப்பல் நிறுவனம் இருந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தெருப் பெயர் வேறாக இருந்திருந்தால்?

அதே தற்செயல், சாதாரண மனிதர்கள் மீதும் விழும். முகமது, அப்துல், அலி என்று பெயர் வைத்திருப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். சாஃப்ட்வேர் கொடுக்கும் எச்சரிக்கையை அப்படியே நம்பினால், சவுதியிலிருந்து மாசச் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புகிற ஒருவரின் பணம் காரணமே தெரியாமல் நின்றுவிடும். பிறந்த தேதி, ஊர், பாஸ்போர்ட் எண் எல்லாம் ஒப்பிட்டு 'இவர் அவர் இல்லை' என்று சீக்கிரம் விடுவிக்கத் தெரிவதும் பயிற்சிதான். எச்சரிக்கையைத் தவறவிட்டவருக்கு என்ன ஆகும் என்பதை விளக்கும் அளவுக்கு, தப்பாக நிறுத்திவைத்தால் ஒரு குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பதைப் பயிற்சிகள் விளக்குகின்றனவா என்றால், சந்தேகம்தான்.

பயிற்சி இருந்தும் கோட்டைவிட்டது எப்படி?

வருடத்துக்கு ஒரு இ-லேர்னிங் மாட்யூல், ஸ்லைடு ஸ்லைடாக நெக்ஸ்ட், நெக்ஸ்ட், கடைசியில் பத்து கேள்வி, சர்டிஃபிகேட் டவுன்லோட். எந்த கார்ப்பரேட் வேலையில் இருப்பவருக்கும் இது பழகிய காட்சி. அதைவிடப் பெரிய சிக்கல் டார்கெட். "டெபாசிட் கொண்டு வா" என்று மேலதிகாரி தினமும் கேட்கிறார். "டெபாசிட் எங்கிருந்து வந்தது" என்று கேட்கச் சொல்வது வருடத்துக்கு ஒருமுறை வரும் ஸ்லைடு. எது ஜெயிக்கும்?

2013-ல் கோப்ராபோஸ்ட் இணையதளம் ரகசிய கேமராவுடன் வங்கிக் கிளைகளுக்குப் போனது. கறுப்புப் பணம் இருக்கிறது என்று சொன்னவரிடம், அதை முதலீடாக்க வழி சொல்லும் ஊழியர்கள் வீடியோவில் பதிவானார்கள். தொடர்ந்து ஆய்வு நடத்திய ரிசர்வ் வங்கி, கே.ஒய்.சி. விதிமீறல்களுக்காக அந்த ஜூலையில் மட்டும் 22 வங்கிகளுக்கு மொத்தம் 49.5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் டி.டி. வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 300 கோடி டாலர் கட்ட சம்மதித்தது. ஒரே ஒரு கும்பல் அந்த வங்கி வழியாக 47 கோடி டாலருக்கு மேல் நகர்த்தியிருந்தது. ஊழியர்களுக்கு அவர்கள் கொடுத்த கிஃப்ட் கார்டுகளின் மதிப்பு 57,000 டாலருக்கு மேல். வேடிக்கை என்னவென்றால், ஊழியர்களுக்குத் தெரியாமல் இல்லை. இது மணி லாண்டரிங் இல்லையா என்று ஒருவர் கேட்க, நூறு சதவீதம் அதுதான் என்று இன்னொருவர் பதில் எழுதிய உரையாடல் நீதித்துறை ஆவணத்திலேயே இருக்கிறது. சில வாடிக்கையாளர்கள் பற்றி உள்ளுக்குள் ரிப்போர்ட் அனுப்புவதை நிறுத்துங்கள் என்று கிளைகளுக்கு வங்கியே சொல்லியிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் கை கட்டப்பட்டிருந்தால் எந்த மாட்யூலும் உதவாது.

படிப்பு, வேலை?

வங்கியில் இருப்பவர்களுக்கு, இந்திய வங்கி மற்றும் நிதி நிறுவனமான ஐ.ஐ.பி.எஃப். நடத்தும் ஏ.எம்.எல்., கே.ஒய்.சி. சான்றிதழ் தேர்வு இருக்கிறது. வெளிநாட்டு வங்கிகளுக்கான வேலை என்றால் 'கேம்ஸ்' சான்றிதழைக் கேட்பார்கள். கட்டணம் அதிகம், பல கம்பெனிகள் ஊழியருக்காக அதைக் கட்டிவிடும். சேருமுன் கேட்டுக்கொள்வது நல்லது. சென்னையில் பன்னாட்டு வங்கிகளின் பேக்-ஆபீஸ்களில் 'டிரான்சாக்‌ஷன் மானிட்டரிங்', 'கே.ஒய்.சி. அனலிஸ்ட்' என்ற பெயரில் வரும் வேலைகள் இதுதான். பி.காம். தான் வேண்டும் என்றில்லை. ஒரு நாளுக்கு இத்தனை அலர்ட் முடிக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் உண்டு. இன்டர்வியூவில் "பயிற்சி எத்தனை நாள்?" என்பதோடு, "ஒரு அலர்ட்டை மேலே அனுப்பினால் அது என் டார்கெட்டைப் பாதிக்குமா?" என்றும் கேட்டுப் பார்க்கலாம்.