நூல் வெளிவராத எழுத்தாளரும் சமூக ஊடகமும்: ஒரு மொழியியல் நோக்கு

1. முன்னுரை

நூலாசிரியரைப் பிறர் அறிமுகப்படுத்துவதே தமிழ் மரபு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நன்னூல், சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியவர்களாக நூலாசிரியரின் ஆசிரியரையும் உடன்கற்றவரையும் மாணாக்கரையும் உரைகாரரையும் குறிப்பிடுகிறது. எத்துணைப் புலமை உடையவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்ளுதல் தகுதியன்று என்றும் அது விதிக்கிறது. ஆயினும் அவ்விதிக்குச் சில விலக்குகளும் அங்கே கூறப்பட்டுள்ளன. தம் ஆற்றலை உணராதவர்களிடையே பேச நேர்வது அவற்றுள் ஒன்று.

நூல் எதுவும் வெளிவராத எழுத்தாளர் சமூக ஊடகத்தில் நிற்கும் நிலை ஏறத்தாழ இதுவேயாகும். அவருக்குப் பாயிரம் தருவார் இல்லை. பதிப்பகத்தின் பெயரும் துணைக்கு இல்லை. தம்மை அறியாத வாசகரிடம் தம்மைத் தாமே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியவராக அவர் உள்ளார். இதனை விளம்பரம் சார்ந்த சிக்கலாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில் பெயர், எழுத்து, நடை, வெளியீடு ஆகிய நான்கு நிலைகளிலும் அவர் செய்யும் மொழித் தேர்வுகளே அவருடைய அடையாளத்தை உருவாக்குகின்றன. அத்தேர்வுகளின் இயல்பையும் அவற்றால் நேரும் இழப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

2. பெயர்

ட்விட்டர் (2023 முதல் எக்ஸ்), இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் பயனர் பெயரை உரோமன் எழுத்துகள், எண்கள், மிகச் சில குறிகள் ஆகியவற்றால் மட்டுமே அமைக்க இயலும். முன்னதில் 15 எழுத்துகளும் பின்னதில் 30 எழுத்துகளும் எல்லை. காட்சிப் பெயரைத் தமிழில் எழுதலாமெனினும், பதிவின் முகவரியாக அமைவது உரோமன் வடிவமே. ஆகவே தமிழ் எழுத்தாளர் தம் பெயரை முதலில் வேற்றெழுத்தில் பெயர்த்தாக வேண்டியுள்ளது.

யாழினி என்னும் புனைபெயரை எடுத்துக்கொள்ளலாம். ழகரத்தை இசட், எச் ஆகிய இரண்டும் சேர்ந்த வடிவாலோ, இசட் மட்டும் கொண்டோ, எல் கொண்டோ எழுதுவர். ஆகாரத்தை ஏ என்னும் எழுத்தை ஒருமுறை இட்டும் இருமுறை இட்டும் எழுதுவர். இவ்விரண்டு வேறுபாடுகளால் மட்டுமே ஆறு வடிவங்கள் தோன்றுகின்றன. ஓர் ஊடகத்தில் ஒரு வடிவத்தையும் மற்றோர் ஊடகத்தில் வேறொரு வடிவத்தையும் கையாளும் எழுத்தாளர், தேடும் வாசகருக்கு இருவராகத் தோன்றுவார். எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டலைப் பேணுதல் இதற்குரிய எளிய தீர்வாகும். பின்னாளில் மொழிபெயர்ப்பு நூலின் அட்டையில் இடம்பெறுவதும் பெரும்பாலும் அவ்வடிவமே ஆதலால் அதனைத் தொடக்கத்திலேயே எண்ணித் தெரிந்தெடுத்தல் நலம்.

3. எழுத்து

1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் அகரம் ஏறிய உயிர்மெய்க்கு ஒரு குறியெண் போதும். பிற உயிர்மெய்களும் புள்ளி பெற்ற மெய்களும் இவ்விரண்டு குறியெண்களால் அமைகின்றன. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்துகள் மூன்று; குறியெண்கள் ஐந்து. ‘எழுத்து’ என்பதில் எழுத்துகள் நான்கு, குறியெண்கள் ஏழு. 2017இல் ட்விட்டர் தன் எல்லையை 140இலிருந்து 280ஆக உயர்த்தியது. சந்தா செலுத்தாதவர்களுக்கு இன்றும் பொருந்தும் இவ்வெல்லை, தமிழைப் பொறுத்தவரை குறியெண்களின் கணக்கே அன்றித் தமிழ் இலக்கணம் கூறும் எழுத்துகளின் கணக்கன்று. சந்தியில் மிகும் வல்லொற்று ஒன்றை விட்டுவிட்டால் இரண்டு இடங்கள் மிஞ்சும். குறும்பதிவு எழுதுவோர்க்குச் சந்தியைக் கைவிடும் தூண்டுதல் இங்ஙனம் கணக்கிலேயே அமைந்துவிடுகிறது.

ஹேஷ்டேக்கில் சந்தி வேறு வகையில் குறுக்கிடுகிறது. அதில் இடைவெளி விடுதல் இயலாது. சொற்களைச் சேர்த்தே எழுத வேண்டும். ‘தமிழ்ச்சிறுகதை’ எனச் சந்தி பெற்ற வடிவமும் ‘தமிழ்சிறுகதை’ எனச் சந்தி பெறாத வடிவமும் கணினிக்கு வெவ்வேறு எழுத்துத்தொடர்கள். ஒன்றின்கீழ் எழுதியது மற்றதைத் தொடுவோருக்குக் கிட்டாது. இலக்கணப் பிழையற்ற வடிவை விரும்பும் எழுத்தாளர் சிறிய அவையையும், பெருவழக்கான வடிவை விரும்புபவர் பெரிய அவையையும் அடையக்கூடும். இத்தேர்வு அவரவர் நோக்கத்தைப் பொறுத்தது. எனினும் அது தேர்வு என்பதை அறிந்து செய்தல் வேண்டும்.

எழுத்து வடிவமே அடையாளமாகியமைக்கு ரூபி கவுர் தக்க சான்றாவார். பஞ்சாபில் பிறந்து கனடாவில் வளர்ந்த இவர், ஆங்கிலக் கவிதைகளை இணையத்தில் வெளியிட்டு வாசகரைப் பெற்றார். தம் முதல் தொகுப்பை 2014இல் தாமே அச்சிட்டார். 2015இல் அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று அதனை மறுபதிப்பாக வெளியிட்டது. அவர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளைத் தவிர்த்து, நிறுத்தற்குறிகளில் முற்றுப்புள்ளியை மட்டுமே கையாள்கிறார். குர்முகி எழுத்தில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இன்மையை நினைவூட்டவே அவ்வாறு எழுதுவதாக அவர் விளக்கியுள்ளார். அக்கவிதைகளைத் தமிழாக்கும்போது இவ்வடையாளம் முற்றிலும் மறைந்துவிடும். தமிழில் எல்லா எழுத்தும் ஒரே அளவினவே. மூலத்தில் விலகலாக நின்றது பெயர்ப்பில் இயல்பாகிவிடுதலை மொழிபெயர்ப்பாளர் முன்னுரையில் சுட்டுவதன்றி வேறு வழியில்லை.

4. நடை

சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கிய இரட்டை வழக்குக் கோட்பாடு தமிழுக்கும் பொருந்துவதை அறிஞர் பலர் ஏற்றுள்ளனர். பேசுவோர் கேட்போருக்கேற்பத் தம் நடையை அமைத்துக்கொள்கின்றனர் என்பது ஆலன் பெல் 1984இல் முன்வைத்த கருத்து. சமூக ஊடகத்தில் உறவினர், உடன்பணியாற்றுவோர், பழைய ஆசிரியர், அறியாத வாசகர் ஆகிய அனைவரும் ஒரே அவையில் அமர்ந்துள்ளனர். எவருக்கேற்ப நடையை அமைப்பது என்னும் இடர்ப்பாடு இதனால் தோன்றுகிறது. நிகழ்ச்சியைப் பேச்சு வழக்கிலும் படைப்பை எழுத்து வழக்கிலும் தருவது பலர் கண்ட வழி. நவீனப் புனைகதையில் உரையாடலுக்கும் எடுத்துரைப்புக்கும் இடையே உள்ள பாகுபாடே இங்குப் பதிவுக்கும் படைப்புக்கும் இடையே இடம்மாறி அமைகிறது எனலாம்.

தற்புகழ்ச்சியைத் தணிக்கும் வாயில்களும் மொழியிலேயே உள்ளன. ‘என் கதையை வெளியிட்டுள்ளேன்’ என்பதில் செய்பவர் முன்னிற்கிறார். ‘என் கதை வெளிவந்துள்ளது’ என்பதில் செயப்படுபொருள் குன்றிய வினை செய்பவரை மறைத்துவிடுகிறது. ‘எழுத முயன்றுள்ளேன்’ என்பதில் ‘முயல்’ என்னும் வினை பணிவைச் சேர்க்கிறது. ‘நாம்’ என்பது வாசகரை உளப்படுத்துகிறது. ‘நாங்கள்’ என்பது அவரைப் புறத்தே நிறுத்துகிறது. ‘பகிர்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்’ என்னும் தொடரோ ஆங்கில அறிவிப்பு மரபின் நேர்பெயர்ப்பு. அதனைத் தொடர்ந்து கையாள்பவரின் குரல் நிறுவன அறிக்கையின் குரலாக மாறிவிடும். தன் நடையால் அறியப்பட வேண்டியவருக்கு இது பேரிழப்பாகும்.

5. வெளியீடு

‘வெளிவராத எழுத்தாளர்’ என்னும் தொடரே மறுஆய்வுக்குரியது. 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, 1994இல் திருத்தப்பட்டவாறு, படிகளை வழங்குவதன் வாயிலாகவோ பொதுமக்களுக்குத் தெரிவிப்பதன் வாயிலாகவோ படைப்பு ஒன்றைக் கிடைக்கச் செய்தலை வெளியீடு என வரையறுக்கிறது. இதன்படி நோக்கின், எவரும் படிக்குமாறு இடப்பட்ட கதை வெளியிடப்பட்ட கதையே ஆகும். வேறெங்கும் வெளிவராத படைப்பையே கேட்கும் இதழ்களுக்கு அதனை அனுப்புதல் பின்னர் அரிதாகும். எனவே முழுப்படைப்பில் எதனைப் பொதுவில் இடுவது, எதனைக் காத்துவைப்பது என்பதை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது.

மொழிபெயர்ப்பாளருக்கும் இதில் பொறுப்புண்டு. அதே சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி மொழிபெயர்ப்புரிமை பதிப்புரிமை உடையவருக்கே உரியது. பொதுவில் இருப்பதனால் மட்டும் ஒரு பதிவு பொதுவுடைமை ஆகிவிடாது. மேலும் முகநூல் பதிவு திருத்தத்தக்கது, நீக்கத்தக்கது. எந்நாளில் எவ்வடிவில் இருந்த பாடம் மூலமாகக் கொள்ளப்பட்டது என்பதைக் குறித்துவைத்து, ஆசிரியரின் இசைவை எழுத்தில் பெறுதல் நன்று.

6. முடிவுரை

ஒரே பெயர் வடிவம், அறிந்து மேற்கொண்ட எழுத்துமுறை, தனக்கென ஒரு நடை, வெளியீட்டின் எல்லை பற்றிய தெளிவு ஆகிய நான்கும் அமைந்தால் நூல் இல்லாமலும் எழுத்தாளர் ஒருவர் அறியப்பட இயலும். நன்னூல் தரும் விலக்கு, அறியாதாரிடையே மட்டுமே செல்லும். அவர்கள் அறிந்தபின் பழைய விதியே மீண்டும் பொருந்துகிறது: பாயிரம் பிறர் வாயிலாக வருதலே சிறப்பு. அதனைப் பெறுவதற்குரிய நேர்வழி, பிறர் படைப்புகளைக் கவனமாகப் படித்து அவற்றைப் பற்றி எழுதுதலாகும். விருப்பக்குறிகளின் எண்ணிக்கை தன் நடையைத் தீர்மானிக்க விடும் எழுத்தாளர் பெரும் அவை ஒன்றைப் பெறலாம். ஆனால் அவையோருக்கு அவர் கூறவிருந்தது அதற்குள் மாறிப்போயிருக்கும்.