எமிலி இல்லாத எமிலி பாலம்

“தாத்தா, கண்ணாடியை ஏத்திக்குங்க. அவ நகத்தால கீறுவா.”

பின் சீட்டிலிருந்து பேத்தி சொன்னபோது இரவு மணி பத்தரை. மகள் காரை ஓரங்கட்டி விளக்கை அணைத்தாள். முன்னால் கன்னங்கரேலென்று வாயைத் திறந்துகொண்டு நின்றது பாலம்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோ என்ற மலையூர். குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, அக்டோபரில் மேப்பிள் இலை சிவக்கும் அழகு என்று ஆண்டு முழுக்கக் கூட்டம் வரும். ஊரை விட்டுச் சற்றே விலகி, கோல்டு புரூக் என்ற ஓடையின் மேல் இருக்கிறது இந்தக் கூரை போட்ட மரப்பாலம். ஆவணங்களில் அதன் பெயர் கோல்டு புரூக் பாலம். யாரைக் கேட்டாலும் சொல்வதோ எமிலி பாலம்.

கதை இதுதான். 1840-களில் எமிலி என்றொரு பெண். வீட்டில் சம்மதிக்கவில்லை, காதலனோடு ஓடிப்போவதென்று முடிவு. இந்தப் பாலத்தில் காத்திரு என்றான். காத்திருந்தாள். அவன் வரவில்லை. பாலத்துக்குள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டாள். இல்லையில்லை, ஆத்திரத்தில் குதிரை வண்டியை விரட்டி ஓடையில் விழுந்து செத்தாள் என்பார் வேறு சிலர். அன்றிலிருந்து நள்ளிரவில் காலடிச் சத்தமும் அழுகையும் கேட்குமாம். நிற்கும் கார்களில் கீறல் விழுமாம்.

அப்படி ஒரு எமிலி இங்கே செத்ததற்கு ஊர்ப் பதிவேட்டில் ஒரு வரியும் கிடையாது. கதை அச்சில் தென்படுவதே 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். நூறாண்டுக்கு மேல் வாயைத் திறக்காத பேய், கார் வைத்திருக்கும் இளவட்டங்கள் வந்த பிறகு கீறத் தொடங்கியிருக்கிறது.

அன்று மதியமே ஒருமுறை வந்து நிதானமாகப் பார்த்திருந்தேன். சுமார் 50 அடி நீளம், ஒரே ஒரு வண்டி போகும் அகலம். 1844-இல் ஸ்மித் என்ற உள்ளூர்க்காரர் கட்டியது. இன்றும் கார்கள் ஓடுகின்றன. உள்ளே நின்று பக்கச் சட்டங்களைப் பார்த்தால், வில்லியம் ஹவ் என்பவர் 1840-இல் காப்புரிமை வாங்கிய முறை தெரியும். தையல் இயந்திரத்துக்குப் பேர்போன எலையாஸ் ஹவ்வுக்கு இவர் சித்தப்பாவோ பெரியப்பாவோ முறை. சாய்வாக நிற்கும் மரங்கள் பாரத்தைத் தாங்கி முட்டுக்கொடுக்கும். செங்குத்தான இரும்புக் கம்பிகள் மேல் சட்டத்தையும் கீழ்ச் சட்டத்தையும் இழுத்துப் பிடிக்கும். மரம் உலர்ந்து சுருங்கி இணைப்பு தளர்ந்தால் நட்டை இறுக்கினால் போதும். வெர்மான்டில் நூறு கூரைப் பாலங்கள் வரை மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் 19-ஆம் நூற்றாண்டில் இந்த ஹவ் முறையில் கட்டி, இன்றும் பொதுச் சாலையைச் சுமப்பது இது ஒன்றுதான். 1974-இல் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது அதற்காக, எமிலிக்காக அல்ல.

பாலத்துக்கு எதற்குக் கூரை? பாதையில் பனி விழாமலிருக்க என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு! அந்தக் காலத்தில் குளிர்காலப் போக்குவரத்து சறுக்கு வண்டியில். வெறும் பலகையில் அது நகராது. எனவே ஆள் போட்டு, வெளியிலிருந்து பனியை வாரி பாலத்துக்குள் கொட்டிப் பரப்புவார்களாம். கூரை என்பது மரத்துக்காகத்தான். மழையும் வெயிலும் மாறி மாறிப் பட்டால் மரப்பாலம் பத்து, இருபது ஆண்டில் உளுத்துவிடும். மூடிவிட்டால் நூறாண்டு தாண்டும்.

மூடிவிட்டதால் இன்னொன்றும் நடந்தது. குதிரை வண்டியில் போகும் இளஞ்சோடிகளுக்கு ஊர்க் கண்ணில் படாத இடம் இது ஒன்றுதான். ‘முத்தப் பாலம்’ என்றே கூரைப் பாலங்களுக்குச் செல்லப்பெயர் உண்டு. காதலும் இருட்டும் ஏற்கெனவே இருந்தன. கதைக்குப் பெண் மட்டும்தான் பாக்கி. நம் பக்கமாக இருந்தால் இந்நேரம் எமிலியைக் கன்னியம்மனாக்கி, ஓடைக்கரையில் பீடம் கட்டி, புடவையும் வளையலும் வைத்துக் கும்பிட்டிருப்போம். அழுகை நின்றிருக்கும்.

இரவில் சங்கதி வேறு. காரிலிருந்து இறங்கி, குளிருக்குத் தலையோடு வெள்ளைச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உள்ளே நடந்தேன். பேத்தி வர மறுத்துவிட்டாள். பத்தடி போனதும் என் கையே எனக்குத் தெரியவில்லை. கீழே ஓடையின் சலசலப்பு பலகைகளில் மோதி, யாரோ அடிக்குரலில் பேசுவது போல் எழுந்தது. பகல் சூட்டில் விரிந்த மரம் குளிரில் சுருங்கும்போது எங்கோ ‘டக்’கென்று முறியும் சத்தம். மரமென்று தெரியும். தெரிந்தும் நடை விரைந்தது. திரும்பி மகளிடம் போவதா, எதிர்ப்பக்கம் போவதா? எது கிட்டே என்று தோன்றியதோ அந்த வாசலுக்கு ஏறக்குறைய ஓடினேன்.

அங்கே விளக்கணைத்த கார் ஒன்று நின்றிருந்தது. உள்ளே நாலைந்து கல்லூரிப் பிள்ளைகள். சால்வையோடு நான் இருட்டிலிருந்து வெளிப்பட்டதும் எழுந்த அலறல் மலையில் எதிரொலித்தது. “ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை” என்று பதற்றத்தில் தமிழிலேயே கத்தியபடி கையை ஆட்டினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. கார் ரிவர்ஸிலேயே பறந்தது.

திரும்பி வந்து நடந்ததைச் சொன்னேன். மகள் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தாள். பேத்தி சிரிக்கவில்லை.

“எமிலி இனிமே தமிழ் பேசுவா தாத்தா” என்றாள்.