பயிற்சியாளரை அனுப்பும் விலை

ஆட்டத்தில் தோற்றால், "பயிற்சியாளரை மாற்று!" என்று கூவுவது எளிது. தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் மாலை வேளைகளில் மைதானத்தின் ஓரம் நின்று பிள்ளைகளின் ஆட்டத்தைப் பார்க்கும் பெரியவர்கள்கூட இத்தீர்ப்பைத் தயங்காமல் வழங்கிவிடுவார்கள். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அதைக் கொடுப்பவர் யார்?

2019-ல் குரோஷியா தேசத்து இகோர் ஸ்டிமாக் இந்தியக் கால்பந்துக் குழுவின் பயிற்சியாளரானார். 2021-லும் 2023-லும் தெற்காசியப் பட்டம் நமக்குக் கிடைத்தது. அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீட்டிக்கப்பட்டது. 2024 ஜூன் 11-ல் கத்தாரிடம் 2-1 என்று தோற்றோம். உலகக் கோப்பைத் தகுதிப் பந்தயத்தின் அடுத்த சுற்று கைநழுவிற்று. ஜூன் 17-ல் அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் அவரை நீக்கியது. மூன்று மாதச் சம்பளம் தருவதாகச் சொன்னார்கள். அவரோ எஞ்சிய இரண்டு வருஷச் சம்பளத்தையும் கேட்டார். தங்களுக்குச் சாதகமான விடுவிப்பு ஷரத்து ஒப்பந்தத்தில் இல்லையென்று சம்மேளனமே பிறகு தெரிவித்தது! முடிவில் நான்கு லக்ஷம் டாலர், அதாவது சுமார் 3.36 கோடி ரூபாய், தருவதென்று சமரசமாயிற்று.

சட்டம் சொல்வதென்ன? பிடிக்காதவரை வேலையில் வைத்துக்கொள்ளும்படி நீதிமன்றம் சாதாரணமாகக் கட்டளையிடாது. நஷ்டஈடு கொடுக்கவே சொல்லும். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறியவர் அதனால் இயல்பாய் விளைந்த நஷ்டத்தை ஈடு செய்யவேண்டுமென்கிறது. நஷ்டமடைந்தவர் அதைக் குறைத்துக்கொள்ள இருந்த வழிகளும் கணக்கில் சேரும். தொகையை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால், 74-வது பிரிவின்படி அத்தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈடு கிடைக்கும். சர்வதேசச் சங்கமாகிய ஃபிபா, 2021 முதல் பயிற்சியாளர்களுக்கென்றே விதிகள் வகுத்திருக்கிறது. எஞ்சிய காலச் சம்பளம், அதில் புது வேலையின் வருமானம் கழிவு: இதுவே கணக்கின் அடிப்படை. தோல்வி மட்டுமே நீக்குவதற்குத் தக்க காரணமாகாது.

நம் புறநகர்ச் சங்கங்களுக்கும் இதில் பாடமுண்டு. சம்பளம் சில ஆயிரமேயானாலும் காலவரை, முன்னறிவிப்பு, விடுவிப்புத் தொகை, கையெழுத்திடும் அதிகாரம் யாருடையது என்ற நான்கையும் காகிதத்தில் எழுதிவிடுங்கள். சங்கத்தின் பணம் சந்தா செலுத்தும் குடும்பங்களுடையது. பயிற்சியாளருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. கோபம் வந்த நாளில் எழுதும் ஓலை இரு தரப்புக்கும் நஷ்டம். நட்புள்ள நாளில் எழுதிய ஒப்பந்தமே இருவருக்கும் காவல்.