குட்டைப் பரம்பரையா?

"எங்க பரம்பரையே குட்டைதானே, டீச்சர்?" பசறைப் பக்கத்து லயம் ஒன்றில் தேத்தண்ணியை நீட்டியபடி அம்மாயி கேட்டார். மடியில் மூன்று வயதுப் பேத்தி. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லை என்று மிட்வைப் அம்மா கிளினிக் புத்தகத்தில் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்.

அந்தக் கோட்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 பிள்ளைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006இல் வளர்ச்சி அளவுகளை வெளியிட்டது. தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் சுத்தமான சூழலும் கிடைத்தால், ஐந்து வயது வரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் அநேகமாக ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள். இலங்கையிலோ 2016 கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பேரில் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டங்களில் மட்டும் அது 32. ஒரு வீட்டில் ஒரு பிள்ளை குட்டையாக இருக்கலாம். மூன்றில் ஒன்று அப்படி என்றால் அதைப் பரம்பரை என்று நான் ஏற்கமாட்டேன்.

கருவில் ஒன்பது மாதத்தில் பிள்ளை சுமார் 50 சென்ரிமீற்றர் நீள்கிறது. முதல் வருடத்தில் இன்னும் 25, இரண்டாம் வருடத்தில் 12 அளவில். பிறகு வேகம் படிப்படியாகக் குறையும். அந்த ஓட்டத்தில் தவறவிட்டதைப் பின்னால் பிடிப்பது கடினம். கவ்வாத்து வெட்டிய தேயிலை மறுபடி துளிர்க்கும், பிள்ளையின் உயரம் அவ்வளவு சுலபமாகத் துளிர்க்காது.

அந்த வேளையில்தான் தாய் கூடையோடு மலை ஏறுகிறாள். இரும்புச்சத்து மாத்திரையைச் சாயத் தண்ணியோடு விழுங்கினால் சத்து உடம்பில் முழுதாகச் சேராது, தேயிலைச் சாயம் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பால் மட்டும் போதாது. ஆனால் தாய் கொழுந்துக்குப் போய்விடுவாள், பிள்ளை தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில். திரிபோஷ சத்துமா வந்தாலும் வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அடிக்கடி வரும் வயிற்றோட்டம் தின்றதையும் கரைத்துவிடும். கிலோ கணக்கில் கூலி வாங்கும் தாயை இதற்குக் குற்றம் சொல்வது அநியாயம்.

"பெரிய பிள்ளை ஆனதும் வளர்ந்திடுவாதானே?"

நாம் எல்லாரும் தடுக்கி விழும் இடம் இது. பெண் பிள்ளை வேகமாக உயர்வது வயதுக்கு வருவதற்கு முந்திய ஒரு வருடம் அளவில். வயதுக்கு வந்த பிறகு ஐந்தாறு சென்ரிமீற்றர்தான் மிச்சம். முட்டையும் உளுந்தும் நல்லெண்ணெயும் சடங்குக்குப் பிறகு கொடுக்கிறோம், ஒன்பது பத்து வயதிலேயே தொடங்க வேண்டும்.

"அம்மாயி, உங்க மக உங்க வயித்துல இருந்தப்பவே, இந்தப் பேத்தியா வளர்ந்த கருமுட்டை அவளுக்குள்ள உருவாகிருச்சு. நீங்க அப்ப என்ன சாப்பிட்டீங்க?"

அம்மாயி பதில் சொல்லவில்லை. பேத்திக்கு நேரம் முடிந்துவிடவில்லை என்றேன். நிறை தேறும், மூளை இன்னும் வளர்கிறது, தினமும் பருப்பு, கீரை, நெத்தலி, முடிந்தால் ஒரு முட்டை. மகள் மலையிலிருந்து வந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம். கூடையை இறக்கிவிட்டுத் தேத்தண்ணிக்குக் கை நீட்டினாள். அம்மாயி எழுந்து, முதலில் சோற்றுப் பானையைத் திறந்தார்.