பெடலைக் கழட்டுங்க, பேலன்ஸ் தானா வரும்

எங்க அக்கா மகன் ஒரு வருஷமா சைடு வீலோட சைக்கிள் ஓட்டுனான். அதைக் கழட்டுன அன்னைக்கே விழுந்து, சைக்கிளே வேண்டாம்னுட்டான்.

தப்பு அவன் மேல இல்ல. சைக்கிள் சாயுற பக்கமே ஹேண்டில்பாரைத் திருப்பினாத்தான் நிமிரும். சைடு வீல் சாயவே விடாதே, அப்புறம் எப்படிப் பழகுறது? குரங்கு பெடல் போட்ட நம்ம அப்பாக்கள் முதல்ல பழகுனதே பேலன்ஸைத்தான்.

பேலன்ஸ் பைக்ல பெடல் கிடையாது. 1817-ல ஜெர்மனியில கார்ல் டிரைஸ் ஓட்டுன வண்டியும் காலால உந்துறதுதான்.

புதுசா வாங்கணும்னு இல்ல. இருக்கிற சைக்கிள்ல பெடலைக் கழட்டுங்க. இடது பெடலுக்கு மரை தலைகீழா இருக்கும். கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழலும். ரெண்டு பாதமும் தரையில முழுசாப் படுற அளவுக்கு சீட்டை இறக்குங்க.

மதுரைத் தெருவுல வேண்டாம். காலி மைதானமா பாருங்க. காலைத் தூக்கிட்டுக் கொஞ்ச தூரம் உருண்டு போறான்னா, பெடலை மாட்டிடலாம்.