உங்களுக்குத் தெரியுமா? சுவரில் ஒரு பழைய கண்ணாடி

உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்க ஆளுயரக் கண்ணாடி வேண்டியதில்லை. உங்கள் உயரத்தில் பாதி போதும். 160 செ.மீ. உயரமானவருக்கு 80 செ.மீ. கண்ணாடி, எட்ட நின்றாலும் கிட்ட வந்தாலும் கணக்கு மாறாது. மேல் விளிம்பு கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே வர வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் ஆளுக்கோர் உயரம் என்றால் ஒரு சாண் கூட்டி வாங்குங்கள். பாதி அளவு என்றால் செலவும் குறையும்.

பழைய கண்ணாடி எங்கே கிடைக்கும்? சிங்கப்பூரில் தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில், 1930களில் தொடங்கிய சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. அது பெரிய இழப்பு. ஆனால் பழைய பொருள் வரத்து நிற்கவில்லை. இரட்சணிய சேனையின் மலிவு விலைக் கடைகள், பழைய மரச்சாமான் கடைகள், 2012இல் சிங்கப்பூரிலேயே பிறந்த கேரசல் செயலி, பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் என எல்லா இடத்திலும் விசாரியுங்கள். வீடு மாறுகிறவர்கள் முதலில் கழிப்பது பெரிய கண்ணாடியைத்தான்.

ஓரத்தில் கறுப்புப் புள்ளி இருந்தால் பயப்படாதீர்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது முடியைவிட மெல்லிய வெள்ளிப் பூச்சு. நம் ஊர்க் காற்றின் ஈரம் விளிம்பு வழியே நுழைந்து அதை அரிக்கிறது. முகச்சவரத்துக்கு உதவாது, சுவருக்கு அதுவே அழகு. புதிதாக ரசம் பூசுவது வீண் செலவு என்பேன். துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள். கண்ணாடி மேல் தெளித்தால் விளிம்பில் இறங்கிவிடும்.

வெள்ளி பூசும் முறையை ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக் 1835இல் கண்டார். அதற்கு முன் வெள்ளீயமும் பாதரசமும்தான். அத்தனை பழையது கையில் கிடைத்தால் பின்பக்கத்தைச் சுரண்டவே கூடாது.

4 மி.மீ. தடிமனுள்ள ஒரு சதுர மீட்டர் கண்ணாடி 10 கிலோ. தேக்குச் சட்டம் தனி. ஒட்டும் கொக்கியை நம்பாதீர்கள். வீவக வீட்டுக் கான்கிரீட் சுவரில் துளையிட்டுத் திருகாணி போடுங்கள். வாடகை அறை என்றால் மேசை மேல் நிறுத்திச் சுவரில் சாய்த்து, நழுவாமல் அண்டை கொடுக்கலாம்.

சன்னலுக்கு எதிரில் மாட்டினால் அறைக்குள் வெளிச்சம் கூடும். ஒளியைக் கண்ணாடியில் பிடிக்கும் வித்தையைப் பார்க்க தேங் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். தெய்வ உருவங்கள் செதுக்கிய 48 கண்ணாடிப் பலகைகள், காலை மாலை வெயிலை வாங்கும்படி சாய்த்துப் பதித்திருக்கிறார்கள். 1859இல் அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் நகரத்தார். மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் வட்டித்தொழில் செய்த அதே சமூகம்தான் செட்டிநாட்டு வீடுகளில் பர்மாத் தேக்கோடு பெல்ஜியம் கண்ணாடியையும் நிறைத்தது. பிரித்து விற்ற வீடுகளின் சாமான்கள் இன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடைக்கின்றன. ஊருக்குப் போகிறவர்கள் அங்கே சட்டத்தை மட்டும் வாங்குங்கள். கண்ணாடியை இங்கேயே அளவுக்கு வெட்டிப் பொருத்திக்கொள்ளலாம்.